முள் பொறுக்கிய ஞாயிறு

என் மாமனார் தயிர்சாதத்துக்கு மாறியதற்கு நான் காரணமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரூர் குப்பத்தில் பாதிப் பேர் இன்னமும் என்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நான் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், வெங்காயத்தையே நாள் பார்த்து உள்ளே விடுகிற வீட்டில் வளர்ந்தவன். அவரோ நாற்பது வருஷம் கட்டுமரத்திலும் படகிலும் கடலுக்குப் போனவர். அவர் பெண்ணும் நானும் தி.நகரில் ஒரே ஆபீசில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் நான் ஜன்னலைத் திறப்பேன். ஒருநாள் ஜன்னலைத் திறக்காமல் விட்டேன். அதற்கடுத்த வருஷம் கல்யாணம்.

இந்தப் பதினெட்டு வருஷத்தில் மீன் சாப்பிட எனக்குப் பழகிவிட்டது. சாப்பிடும் முறைதான் பழகவில்லை. என் மனைவி வீட்டில் மீன் துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார்கள். சதை உள்ளே போகும், முள் ஒவ்வொன்றாக உதட்டோரம் வெளியே வரும். எல்லாம் நாக்கின் வேலை. நான் அப்படியில்லை. தட்டை விளக்குக்கு நேராக நகர்த்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு கையாலும் சதையைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். நான் ஒரு துண்டை முடிப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவி, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பார்கள்.

"மாப்ள மீனு துன்னல, பேன் பாக்குறாரு" என்பார் என் மாமியார். அவர் குப்பத்துச் சாலையோரம் கூடை வைத்து மீன் விற்கிறவர். அதனால் அந்த வசனம் குப்பம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்று மாதம் முன்பு டி.வி.யில் கிரிக்கெட் ஓடியது. கடைசி ஓவர். மாமனார் வாயில் சங்கரா மீன். அவுட் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் எழுந்து நின்று அம்பயரைத் திட்டினார். திட்டு வெளியே வந்தது, முள் உள்ளே போனது.

சோற்று உருண்டை விழுங்கிப் பார்த்தார். வாழைப்பழம் விழுங்கிப் பார்த்தார். முள் அசையவில்லை. ராயப்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் நீளமான இடுக்கியை விட்டு ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டார். எடுத்த முள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டிவிட்டு, பேச்சுக்குக் கேட்பது போல, "என்ன வேலை பாக்கறீங்க, ஐயா?" என்றார்.

"மீன் புடிக்கிறது" என்றார் மாமனார்.

டாக்டர் குனிந்து இடுக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டு தடவை குலுங்கியதை மாமனார் பார்த்துவிட்டார்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு மீனை வாய்வரை கொண்டுபோவார், அப்படியே கீழே வைத்துவிடுவார். வலை பின்னுகிற கூடாரத்துப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். போனால், "இன்னாண்ணே, இன்னிக்கு இட்லியா, பொங்கலா?" என்று எவனாவது கேட்பான். கன்னம் ஒட்டிப்போயிற்று. சட்டைக் காலருக்குள் கழுத்து இன்னொரு கழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் போல நின்றது.

மாமியார் ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னார். "எனக்கு சாம்பார் வெக்கத் தெரியாது, மாப்ள. நான் வெச்சா அது கொழம்பும் இல்ல, தண்ணியும் இல்ல. அவரு அத்த ஊத்தி துன்னுட்டு சும்மா எழுந்து போறாரு. நல்லா இல்லன்னு திட்டக்கூட மாட்டேங்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமனார் மட்டும் அடையாறில் எங்கள் ஃபிளாட்டுக்கு நடந்தே வந்துவிடுவார். தயிர்சாதம், மோர்மிளகாய், ஒரு கிண்ணம் ரசம். "நல்லா கீது மாப்ள" என்பார். துக்க வீட்டில் காபி கொடுத்தால் எப்படிச் சொல்வோமோ, அந்தக் குரலில்.

ஒரு ஞாயிறு அவர் மோர்மிளகாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, நான் மீன் கட்லெட் போட்டுத் தரேன். அதுல முள்ளே இருக்காது."

"நீ எடுத்தா முள்ளு இருக்கும்."

"அது எப்டி சொல்ற?"

"நீ நம்ம ஊட்டுப் பொண்ணு. உனுக்கு முள்ளு நாக்குலதான் தெரியும், கண்ணுல தெரியாது. உங்கம்மாவுக்கும் அதே கததான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்போது என் தயிர்சாதத்திலிருந்து கறிவேப்பிலைக் காம்பைப் பொறுக்கித் தட்டோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். "மாப்ள எடுத்தா துன்றேன்."

"நானா மாமா?"

"நீங்கதான். முள்ளுக்கு என்னிய மாதிரி பயப்புடற ஆளு இந்தக் குடும்பத்துல வேற யாரு கீறா?"

பதினெட்டு வருஷத்தில் மாமனார் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. என் கோழைத்தனத்தை நம்பி ஒருவர் உயிரை ஒப்படைக்கிறார் என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறே செய்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

"ஒரே ஒரு வாட்டிதான் பாப்பேன்" என்றார் அவர். "அதுல முள்ளு வந்துச்சுன்னா அவ்ளோதான். அதுக்கப்புறம் மீனுன்னு யாரும் எங்கிட்ட பேசக்கூடாது. அப்பால, இத்த உங்க அத்தைகிட்ட சொல்லாதீங்க. நாப்பது வருசம் ஆக்கிப் போட்ட கைய நம்பல, மாப்ள கைய நம்புறானேன்னு நெனச்சிக்குவா."

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட்டிருக்கிறேனே தவிர, மீனை நான் சமைத்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை குப்பத்துக்குப் போனேன். மாமியார் கூடை சாலையின் இந்த முனையில். அவர் கண்ணில் படாமல் அந்த முனைக்குப் போக வேண்டும். யோசித்து, ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்தேன். கண்ணாடி மூடியையும் இறக்கிவிட்டுக்கொண்டேன். தலையில் ஹெல்மெட், கையில் மஞ்சள் பை, இடுப்பில் வேட்டி. யாருக்கும் அடையாளம் தெரிய வாய்ப்பே இல்லை என்று நம்பினேன்.

கடைசிக் கூடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "வாங்க மாப்ள. மூடிய தூக்கிட்டு பாருங்க, அப்பதான் மீனு கண்ணு தெரியும்."

கட்லெட் என்று சொன்னால் விஷயம் மாமியார் காதுக்குப் போய்விடும். அதனால், "சும்மா வறுக்கத்தான்" என்றேன். கூடையில் ஒரு மீன் நீளமாக, வெள்ளியைத் தகடாக அடித்து வைத்த மாதிரி மின்னியது. வாளை.

"இது நன்னாருக்குமா?"

"வறுக்க இத்த வுட்டா வேற இன்னா கீது?"

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வறுப்பதற்கு அது அருமையான மீன்தான்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"வாளையா? கட்லெட்டுக்கா? ஏங்க, அது முள்ளுக்கு மேல கொஞ்சம் மீன் பூசின மாதிரி இருக்கும்."

"பளபளன்னு இருந்தது."

"பட்டுப்புடவையா எடுக்கப் போனீங்க? அதுலயும் இப்டித்தான். ஜரிகைய பாத்து மயங்கி எடுத்துக்கினு வருவீங்க, மறுநாள் நான் ரங்கநாதன் தெரு கூட்டத்துல இடிபட்டு மாத்திக்கினு வரணும்."

"வேற மீன் வாங்கிண்டு வரட்டுமா?"

"மறுபடியும் ஹெல்மெட்டோடயா?" என்றாள். ஹெல்மெட் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும், குப்பத்திலிருந்து யார் போன் பண்ணினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலே மாமியார் குரல் எனக்குக் கேட்டது.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரரு தலையில கொடத்த கவுத்துக்கினு போயி கடைசி கூடையில வாள வாங்கினு போறாராம்? என் கூடை இன்னா நாறிப்போச்சா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "சாயந்திரம் நைனாவோட நீயும் வாம்மா, சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். ஆக, பரீட்சைக்கு இப்போது இரண்டு பேர் வரப்போகிறார்கள். ஒருவர் பயத்தோடு, இன்னொருவர் கோபத்தோடு.

மீனைத் துண்டு போட்டு, மஞ்சள்தூள், உப்பு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தோம். அந்த இட்லிப் பானை என் அம்மா கொடுத்தது. தயவுசெய்து இதை யாரும் மயிலாப்பூர்ப் பக்கம் பேச வேண்டாம்.

பிறகு நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். எவர்சில்வர் தட்டில் வெள்ளை முள் தெரியாது என்பதால் ஒரு கறுப்பு ட்ரே. போன் டார்ச்சை டப்பா மேல் சாய்த்து வைத்த வெளிச்சம். மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கி. முதலில் நடுமுள்ளை இழுத்தேன். சீப்பு மாதிரி முழுசாக வந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு சீப்பு இருந்தது. அதற்குக் கீழே, சீப்பாக இல்லாமல், யாரோ வேண்டாதவர் தூவிவிட்டுப் போன மாதிரி, தலைமுடி தடிமனில் முட்கள் இருந்தன. எடுக்க எடுக்க வந்தன. கடவுள் மற்ற மீன்களுக்கு வைத்துவிட்டு மிஞ்சிய முள்ளையெல்லாம் எங்கே போடுவது என்று தெரியாமல் வாளையில் போட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் துவரம்பருப்பில் கல் பொறுக்குவார்கள். முதலில் கண்ணால் ஒரு தடவை, பிறகு விரலால் அளைந்து ஒரு தடவை. அந்தப் பழக்கம் உதவிற்று. கண்ணால் பார்த்து முடித்த சதையை மறுபடி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிட்டிகை சிட்டிகையாக உருட்டிப் பார்த்தேன். குத்தினால் முள். குத்தாவிட்டால் கிண்ணத்துக்குள். விரல் நுனியில் நாலு இடத்தில் ரத்தம் புள்ளி வைத்தது. மணி பதினொன்றுக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது பக்கத்து ஃபிளாட்டில் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் மனைவி காபி கொண்டுவந்து, "எப்படிப் போயிண்டிருக்கு?" என்றாள், என் பாஷையிலேயே.

"முதுகு போயிண்டிருக்கு" என்றேன்.

அவள் ஒரு சிட்டிகை சதையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சுத்தமா இருக்கு" என்றாள். அவள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவளுடைய நாக்கு எதையும் புகார் செய்யாது. மூன்றாவது தடவையாக இன்னும் ஒரு முறை உருட்டிப் பார்த்தேன்.

மற்ற வேலை சுலபம் என்று நினைத்தேன். உருளைக்கிழங்கைக் குக்கரில் வைத்து, விசில் எண்ணுவதை மறந்துவிட்டேன். கிழங்கு கூழாகிவிட்டது. வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை பொடியாக நறுக்கி வதக்கி, மிளகுத்தூள், சோம்புத்தூள், கொத்தமல்லி போட்டு, மீனையும் கிழங்கையும் சேர்த்துப் பிசைந்தேன். வதக்கும்போது என் கை என்னைக் கேட்காமலே அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவைத் திறந்து எதையோ கிள்ளிப் போட்டது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

முதல் கட்லெட் எண்ணெயில் இறங்கியதும் கலைந்து போயிற்று. கட்லெட் போட்ட இடத்தில் ஒரு மேகம் பொரிந்தது. "ஈரம் அதிகம்" என்று மனைவி ரஸ்க்கை மிக்சியில் தூளாக்கி ரெண்டு கை அள்ளிப் பிசைந்தாள். முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, மறுபடி போட்டோம். இந்தத் தடவை உருவம் நின்றது. என்ன உருவம் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஆனால் எல்லாம் பொன்னிறம். எண்ணெயில் பொரிந்த மணம் மாடிப்படி வரைக்கும் போயிருக்க வேண்டும். எதிர் ஃபிளாட் நாய் வந்து எங்கள் கதவருகே மரியாதையாக உட்கார்ந்துவிட்டது.

ஐந்தரைக்கு வந்தார்கள். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாமியார் உட்காரவில்லை.

"ஹெல்மெட் எங்க மாப்ள?" என்றார்.

நான் அலமாரியைக் காட்டினேன்.

"போட்டுக்கோங்க. உங்க மூஞ்ச பாத்து திட்ட எனக்கு கஷ்டமா கீது."

மனைவி அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, அப்பா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். மாமனார் தரையைப் பார்த்தார். மாமியார் அவரைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த ட்ரேயைப் பார்த்தார். நான் பொறுக்கிய முள் அதில் ஒரு சின்னக் குருவிக் கூடு போலக் குவிந்து கிடந்தது. நிதானமாக அதைப் பார்த்தார்.

"இத்தனையும் நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா அத்தை."

"கையக் காட்டுங்க."

காட்டினேன். விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதற்கப்புறம் கோபத்தைத் தொடர முடியாமல், வேறு ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று தேடுகிறவர் போல ஒரு கட்லெட்டை எடுத்து, உடைத்து, மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிற்று. மறுபடி முகர்ந்தார்.

"மாப்ள, இதுல பெருங்காயம் போட்டீங்களா?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கை கிள்ளிப் போட்டது அதுதான். "பழக்க தோஷம் அத்தை" என்றேன்.

மாமியார் கட்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கடல்ல பொறந்ததுலருந்து இந்த வாளைக்கு இப்டி ஒரு மரியாத நடந்ததில்ல." என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

மாமனார் சிரிக்கவில்லை. தட்டில் ஒரு கட்லெட்டை வைத்துக்கொண்டு, "இதுல எது தலை, எது வாலு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூலையைக் கடித்துவிட்டார்.

சிரிப்பு நின்றது. அவர் மெல்ல மெல்ல மென்றார். இருபது தடவை மென்றிருப்பார். விழுங்கினார். தொண்டையில் கை வைத்துப் பார்த்தார். இன்னொரு கடி. முதல் கட்லெட் முடிந்தது. யாரையும் பார்க்காமல் இரண்டாவதை அவரே எடுத்துக்கொண்டார். மூன்றாவதில் ஃபேன் காற்று வரவில்லை என்று குறை சொன்னார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாளையின் எலும்பு அமைப்பைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆரம்பித்தேன்.

நாலாவது கட்லெட்டில் அவர் வாய் நின்றது.

தாடை அப்படியே நின்றுவிட்டது. கண் ஒரு பக்கமாகப் போயிற்று. என் சொற்பொழிவும் நின்றது. மனைவி, தயாராக வைத்திருந்த வாழைப்பழத்தை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். மாமியார் எழுந்தேவிட்டார். மூன்று தடவை பார்த்தேனே, எந்தச் சிட்டிகையில் விட்டேன் என்று மனதுக்குள் அந்தக் கிண்ணத்தைத் திரும்ப அளைந்தேன். ஒரு வாட்டிதான் பாப்பேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாட்டி என்னால் போயிற்று.

மாமனாரின் இடது கன்னம் ஒரு தடவை புடைத்து அடங்கியது. பிறகு உதட்டோரம். அங்கே, புருவ முடி அளவில், ஒரு முள் எட்டிப் பார்த்தது. இரண்டு விரலால் அதை எடுத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணு உட்டுட்டீங்க மாப்ள" என்றார். தட்டு விளிம்பில் அதை வைத்தார். மிச்சக் கட்லெட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

தான் செய்தது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. மென்றுகொண்டே, அடுத்ததை எடுக்கக் கையை நீட்டினார். அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் அசையாமல் அவரையே பார்ப்பதைப் பார்த்தார். "இன்னா?" என்றார். தட்டு விளிம்பைப் பார்த்தார். நாக்கால் கன்னத்தின் உள்பக்கத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு நீட்டிய கையை மடக்காமல் கட்லெட்டை எடுத்தார்.

மாமியார் உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பேசுகிற குரலில் கேட்டார்: "நாளைக்கு ஊட்டுக்கு இன்னா மீனு எடுத்து வெக்கட்டும்?"

இந்த நாற்பது வருஷமும் தினம் சாயந்திரம் மாமியார் அவரிடம் கேட்டு வந்த கேள்வி அது. மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

சங்கரா வேண்டாம் என்று முதலில் சொன்னார் மாமனார். வாளை இன்றைக்கு ஆயிற்று என்றார். காரப்பொடி வந்தால் பார்க்கலாம், ஆனால் இந்தக் காற்றுக்கு வராது என்று அவரே தள்ளினார். நெத்திலி, அயிலை, கிழங்கான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிறுத்தி, வாயை லேசாக அசைத்துப் பார்த்துக்கொண்டார். மாமியார் அவசரப்படுத்தவில்லை.

"கவளை" என்றார் கடைசியில். "கொழம்பா வெய்யி. மாங்கா போட்டு."

"பொடி முள்ளு ஜாஸ்தியா இருக்குமே" என்றார் மாமியார்.

"இருக்கட்டும்" என்றார் அவர்.